மண்ணில் சுட்ட முகங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். பழைய நாணயம், ஓடாத கைக்கடிகாரம், துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டி, யாரோ வீட்டுத் திருமணப் படம் என எல்லாவற்றையும் தரையில் துணி விரித்துப் பரப்பியிருப்பார்கள். சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் அங்கே சுற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு சீனப் பெரியவரின் விரிப்பில் வெள்ளையாக, வட்டமாக ஒன்று கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். ஐம்பது காசைவிடச் சற்றுப் பெரிய பீங்கான் வில்லை. அதில் மாவோ சேதுங்கின் முகம் இருந்தது. பின்புறம் சட்டையில் குத்திக்கொள்ள ஊசி.

“பீங்கானில் எதற்கு ஐயா அரசியல்வாதி முகம்?” என்று மலாயில் கேட்டேன். பெரியவர் சிரித்தார். “கீழே போடாமல் வைத்துக்கொண்டால் நீ செத்த பிறகும் இருக்கும்” என்றார்.

அந்தப் பதில் என்னை ஓர் இடத்தில் பிடித்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் எங்கள் குடும்பம் செபராங் பிறை பக்கம் உள்ள ஒரு தோட்டத்து மயானத்திற்குப் போயிருந்தது. தோட்டம் கைமாறிவிட்டது. மயானத்தைக் காலி செய்யப் போகிறார்கள், உறவினர்கள் வந்து பார்த்துக்கொள்ளவும் என்று தகவல் வந்தது. தாத்தாவின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரமானது. சிமெண்டு வெடித்து, லாலாங் புல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. கல்லில் எழுதிய எழுத்து ஒன்றுகூடப் படிக்கும் நிலையில் இல்லை. ஆனால், கல்லில் பதித்திருந்த முட்டை வடிவப் பீங்கான் படத்தைப் பாட்டி முந்தானையால் துடைத்ததும் தாத்தா பளிச்சென்று பார்த்தார். நேற்று எடுத்த படம்போல இருந்தது.

வீட்டில் இருந்த தாத்தாவின் காகிதப் படம் பழுப்பேறி, பாதியைக் கரையான் தின்று, என்றோ போய்விட்டது. வெயிலிலும் மழையிலும் நின்ற பீங்கான் படம் மட்டும் எப்படித் தப்பியது? யாருடைய முகத்தையெல்லாம் மனிதர்கள் இப்படி மண்ணில் சுட்டு வைத்திருக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளோடு நூலகத்தில் நுழைந்தேன். தேடிக் கிடைத்ததை நம் ஆண்டு மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு சொல்

தமிழில் ‘வில்லை’ என்றால் வட்டமான தகடு. அந்தக் காலத்து அலுவலகங்களில் பித்தளை வில்லை அணிந்த ஏவலாளை ‘வில்லைச் சேவகன்’ என்பார்கள். ஆகவே முகம் பதித்த பீங்கான் வட்டத்தை ‘முகவில்லை’ என்று நான் இக்கட்டுரையில் அழைக்கிறேன். ‘பீங்கான்’ என்ற சொல்லும் சுவையானது. மலாயில் ‘பிங்கான்’ என்றால் தட்டு. இரண்டுமே பாரசீகச் சொல் ஒன்றிலிருந்து வந்தவை என்று அகராதிகள் கூறுகின்றன. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நாள்களில், உணவகத்தில் ‘பிங்கான்’ என்று கேட்கும்போதெல்லாம் இது நம் சொல் ஆயிற்றே என்று நினைப்பேன். உண்மையில் அது நமக்கும் இரவல், அவர்களுக்கும் இரவல்.

நாணயமும் வில்லையும்

முகவில்லை ஏன் அரசியல் பொருளாயிற்று என்று புரிந்துகொள்ள, முதலில் நாணயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நாணயத்தில் யார் முகம் இருக்கும்? அரசன் முகம். அதுவும் பக்கவாட்டில் திரும்பிய முகம். நம் பாட்டன்மார் கையில் புழங்கிய மலாயாக் காசில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அப்படித்தான் இருந்தார். ஊர் பேர் தெரியாத கூலியும் தன் மடியில் மன்னரின் முகத்தை முடிந்து வைத்திருந்தான். ஆனால், மன்னருக்கு அவன் முகம் தெரியாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் ஒரு மாற்றம் வந்தது. அரசர் அல்லாதவர்களின் முகமும் அதே வட்டத்தில், அதே பக்கவாட்டுத் தோற்றத்தில், மண்ணில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. பொன்னும் வெள்ளியும் அரசனின் உரிமை. மண் யாருக்கும் உரியது. மெழுகுவர்த்தி வியாபாரியின் மகன் ஒருவனின் முகம் அரசனின் முகம்போல வட்டத்தில் பதிந்தபோது, அதைச் சுவரில் மாட்டியவர்கள் வாய் திறக்காமலே ஒன்றைச் சொல்லிவிட்டார்கள்.

நிலவைப் போல் தெரிந்த முகம்

அந்த மெழுகுவர்த்தி வியாபாரியின் மகன் பெஞ்சமின் பிராங்கிளின். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்து 1776இல் விடுதலையை அறிவித்தன. போருக்கு உதவி கேட்க அவ்வாண்டு டிசம்பரில் பிராங்கிளின் பிரான்சுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது எழுபது. பாரிஸ் அருகே பாஸி என்னுமிடத்தில், லெ ரே த ஷோமோன் என்ற செல்வந்தரின் மாளிகை வளாகத்தில் தங்கினார்.

அந்தச் செல்வந்தருக்கு லுவார் ஆற்றங்கரையில் ஷோமோன் என்ற ஊரில் ஒரு கோட்டையும் மண்பாண்டத் தொழிற்சாலையும் இருந்தன. தொழிற்சாலையை நடத்தியவர் ஜான் பத்தீஸ்த் நீனி என்ற இத்தாலியர். கண்ணாடியில் சித்திரம் செதுக்கிப் பழகிய கை அவருடையது. 1777இல் அவர் பிராங்கிளினின் முகத்தைச் சுடுமண் வில்லையாக வார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். தலையில் விலங்கு ரோமத் தொப்பி. பிரெஞ்சுப் பிரபுக்கள் பவுடர் பூசிய பொய்முடி அணிந்து திரிந்த காலம் அது. இவரோ ஒரு காட்டுத் தொப்பியோடு நின்றார். பிரெஞ்சு மக்களுக்கு அந்தத் தொப்பியே எளிமையின், விடுதலையின் அடையாளமாகிவிட்டது.

வில்லை பரவிய வேகம் வியப்பானது. 1779இல் பிராங்கிளின் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், பல அளவுகளில் தம் உருவம் விற்கிறது, மூக்குப்பொடி டப்பி மூடியிலும் மோதிரத்திலும்கூடப் பதிக்கிறார்கள், உன் அப்பாவின் முகம் நிலவைப் போல எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்ற பொருளில் வேடிக்கையாக எழுதினார். இனி எதையாவது செய்துவிட்டுத் தப்பி ஓடவும் முடியாது, போகுமிடமெல்லாம் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் கிண்டலடித்தார்.

அரசருக்கு இது பிடித்திருக்குமா? பதினாறாம் லூயி அமெரிக்கர்களுக்குப் பணமும் படையும் கொடுத்தவர்தாம். ஆனால், பிராங்கிளின் புகழை ஓயாமல் பாடிய ஒரு பிரபுகுலப் பெண்ணுக்கு, அடியில் பிராங்கிளின் முகம் பதித்த பீங்கான் மூத்திரச் சட்டி ஒன்றை அரசர் பரிசாக அனுப்பினார் என்று அரண்மனைப் பணிப்பெண் மதாம் காம்பான் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஒரு மண் வில்லை மன்னரின் மனத்தைக் குத்தியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எப்படிச் செய்தார்கள்?

முதலில் ஒரு கலைஞர் மெழுகில் முகத்தைப் புடைப்பாகச் செய்வார். அதன்மேல் பாரிஸ் சாந்து என்னும் மாவுச் சுண்ணத்தை ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் ஈரக் களிமண்ணை அழுத்தி, சற்று உலர்ந்ததும் பெயர்த்தெடுப்பார்கள். முகம் ஏன் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே இருக்கிறது என்பதற்கு இங்கே ஒரு காரணம் கிடைக்கிறது. பக்கவாட்டு முகத்தில் உள்மடிந்த பள்ளங்கள் குறைவு. ஆகவே, மண் அச்சில் சிக்காமல் கழன்று வரும். பிறகு உலர்த்திச் சூளையில் சுட வேண்டும். ஓர் அச்சு கிடைத்துவிட்டால் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். சிற்பியை ஒவ்வொரு முறையும் கூப்பிட வேண்டியதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். சுட்ட வில்லையிலிருந்து மீண்டும் அச்சு எடுத்து, அதில் மண் அழுத்திச் சுட்டால், அதே முகம் சற்றுச் சிறியதாகக் கிடைக்கும். இப்படியே தொடர்ந்தால் சுவரில் மாட்டும் முகம் மோதிரத்துக்குள் வந்துவிடும். தமிழ்ப்பள்ளி ஓவியப் பாடத்தில் நாங்கள் செய்த களிமண் யானைகள் காய்ந்தபின் குட்டிகளாகிப் போனது எனக்கு நினைவு வந்தது. அந்தக் குறையையே இவர்கள் பயனாக்கிக்கொண்டார்கள்.

ராணியின் குயவர்

இந்தத் தொழிலை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட். 1730இல் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் அம்மை நோயால் முழங்கால் கெட்டு, 1768இல் அந்தக் கால் அகற்றப்பட்டது. சக்கரத்தில் உட்கார்ந்து மிதிக்க முடியாதவர் சோதனையில் இறங்கினார். ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு 1770களின் நடுவில் ‘ஜாஸ்பர்’ என்ற புதுவகை மண்கலவையைக் கண்டார். கோபால்ட் சேர்த்த வெளிர்நீலப் பரப்பின்மேல் வெண்ணிற முகம் தனியே எழுந்து நிற்கும். மெருகெண்ணெய் இல்லாமலே பட்டுப்போல் இருக்கும். முகத்தைத் தனி அச்சில் எடுத்து, நீர் தொட்டுப் பரப்பில் ஒட்டி, இரண்டையும் ஒன்றாகச் சுடுவார்கள்.

வெட்ஜ்வுட் ராணி சார்லெட்டின் அரண்மனைக்குப் பாண்டம் கொடுத்தவர். ராணியின் பெயரைச் சொல்லியே வியாபாரம் செய்தவர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் முகத்தையும் ராணியின் முகத்தையும் வில்லையாக விற்றார். அதே சூளையில் மன்னரை எதிர்த்த பிராங்கிளினின் முகத்தையும் வாஷிங்டனின் முகத்தையும் சுட்டார். மனத்தளவில் அவர் அமெரிக்கர் பக்கம் சாய்ந்தவர். சூளைக்கு ராஜவிசுவாசமும் தெரியாது, கலகமும் தெரியாது. எல்லாரும் ஒரே வெப்பத்தில்தான் வெந்தார்கள்.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பாஸ்டில் சிறை வீழ்ந்த செய்திக்குப் பின், அமைச்சர் நெக்கேர், தளபதி லஃபாயெத், பாரிஸ் மேயர் பாய்யி, ஓர்லேயான் கோமகன் ஆகியோரின் முகங்கள் வில்லையாயின. ஆனால், புரட்சி மண்ணைவிட விரைவாகச் சூடேறியது. நெக்கேர் 1790இல் பதவி விலகினார். லஃபாயெத் 1792இல் நாட்டைவிட்டு ஓடி எதிரிகளிடம் சிறைப்பட்டார். ஓர்லேயான் கோமகனும் பாய்யியும் 1793 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் கில்லட்டினில் தலை இழந்தார்கள். தலை போனது, நீலப் பரப்பில் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. தலைவரின் முகத்தை அழியாத பொருளில் பதிப்பவர்கள், அவர் நாளையும் தலைவராகவே இருப்பார் என்று நம்பித்தான் பதிக்கிறார்கள். காலம் அந்த நம்பிக்கைக்குக் கட்டுப்படுவதில்லை.

இதெல்லாம் நம் ஊருக்கு என்ன?

வாசகர்கள் கேட்கலாம்: எங்கோ நடந்த கதை நமக்கு எதற்கு? கொஞ்சம் நம் தெருப்பெயர்களைப் பாருங்கள்.

பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கம்பெனிக்காக 1786 ஆகஸ்ட் 11இல் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டில்தான் நீனி ஷோமோனில் மறைந்தார். ஜார்ஜ் டவுன் என்ற பெயர், பிராங்கிளின் எதிர்த்த அதே மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். நாம் மாலையில் காற்று வாங்கப் போகும் கார்ன்வாலிஸ் கோட்டை யார் பெயரில் இருக்கிறது? 1781 அக்டோபரில் யார்க்டவுனில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ் பிரபு. அங்கே தோற்றவர், 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார். அவரை எதிர்த்து நின்ற லஃபாயெத்தின் முகம் வில்லையில் ஏறியது. அவர் பெயர் நம் கடற்கரையில் கல்லில் ஏறியது. இடைநிலைப்பள்ளி வரலாற்று நூலில் இவை இரண்டும் வேறு வேறு பாடங்களாக இருந்தன. ஒரே கதை என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கோட்டையில் 1936இல் செய்த பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. அவருடைய உண்மையான உருவப்படம் கிடைக்காததால், மகன் வில்லியம் லைட்டின் முகத்தைப் பார்த்துச் சிலை செய்தார்கள். ஊரை நிறுவியவர் என்று பெயர் பெற்றவருக்கே சொந்த முகம் கிடைக்கவில்லை!

புரட்சியும் நமக்கு அயலார் சரக்கன்று. 1910 நவம்பரில் சுன் யாட்சென் பினாங்கில் தம் தோழர்களைக் கூட்டி அடுத்த எழுச்சிக்குத் திட்டமிட்டார். அவர் நடத்திய ஆர்மேனியன் தெரு 120ஆம் எண் வீடு இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது. புரட்சிக்குப் பின் ரஷ்யாவில் அரச பீங்கான் ஆலையில் வண்ணம் தீட்டாமல் கிடந்த தட்டுகளின் அடியில் ஜார் மன்னரின் முத்திரையை மறைத்து, அரிவாள் சுத்தியலைப் போட்டு, மேலே லெனினின் முகத்தை வரைந்தார்கள். சீனாவில் 1966க்குப் பின் கலாசாரப் புரட்சியில் மாவோ வில்லைகள் கோடிக்கணக்கில் வந்தன. பெரும்பாலானவை அலுமினியம், சில பீங்கான். அவற்றில் ஒன்றுதான் எத்தனையோ கை மாறி லோரோங் கூலிட்டில் என் கைக்கு வந்தது.

பெயர் இல்லாத மனிதன்

வெட்ஜ்வுட் செய்த வில்லைகளிலேயே உலகை அதிகம் அசைத்தது ஒரு தலைவரின் முகமன்று. 1787இல் லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சங்கம் தொடங்கியது. அதன் முத்திரையைக் கொண்டு, வெட்ஜ்வுட்டிடம் பணியாற்றிய சிற்பி வில்லியம் ஹாக்வுட் ஒரு சிறு வில்லை செய்தார். அகலம் ஏறக்குறைய மூன்று செண்டிமீட்டர். வெண்பரப்பில் கறுப்பு நிறத்தில், கைவிலங்கோடு மண்டியிட்டு நிற்கும் ஓர் ஆப்பிரிக்க மனிதன். நான் மனிதன் இல்லையா, உங்கள் சகோதரன் இல்லையா என்று கேட்கும் சொற்கள் அவனைச் சுற்றி இருக்கும். பெண்கள் அதைக் கொண்டையூசியிலும் கைவளையிலும் பதித்து அணிந்தார்கள். 1788இல் வெட்ஜ்வுட் ஒரு கட்டு வில்லைகளை அமெரிக்காவிலிருந்த பிராங்கிளினுக்கு அனுப்பினார். நன்றாக எழுதிய துண்டுநூலுக்கு நிகரான பயனை இது தரும் என்று அவர் பதில் எழுதினார்.

பயன் தந்தது உண்மை. பிரிட்டன் 1807இல் அடிமை வியாபாரத்தையும் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமைமுறையையும் தடை செய்தது. ஆனால், 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள். பினாங்கும் அப்போது கம்பெனி நிலம். கம்பெனி நிலங்களில் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் போனது 1843இல்தான். அதே காலத்தில் செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறி வரத் தொடங்கினார்கள். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910 வரை நீடித்தது.

அந்த வில்லையைப் படத்தில் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று உறைத்தது. பிராங்கிளின் வில்லையில் பெயர் இருக்கிறது. நெக்கேர் வில்லையில் பெயர் இருக்கிறது. இந்த மனிதனுக்கு மட்டும் பெயர் இல்லை. இரக்கத்தோடு செய்த சிற்பம்தான். ஆனாலும் அவனை மண்டியிட வைத்துத்தான் அந்த இரக்கம் பார்க்கிறது. 1791இல் ஹெய்ட்டி தீவின் அடிமைகள் எழுந்து நின்று தங்கள் விடுதலையைத் தாங்களே எடுத்துக்கொண்டதை அந்த வில்லை காட்டாது.

தாத்தாவின் பீங்கான்

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். பீங்கானில் புகைப்படத்தைச் சுட்டுப் பதிக்கும் முறைக்குப் பிரான்சில் 1854இல் காப்புரிமை பெற்றார்கள். காகிதப் படத்தின் சாயம் வெயிலில் வெளுக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பீங்கான் படத்திலோ உருவம் உலோக ஆக்சைடு நிறமிகளால் ஆனது. ஏறக்குறைய 800 டிகிரி வெப்பத்தில் அது மேற்பூச்சோடு உருகிக் கலந்து கண்ணாடியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதை வெயில் என்ன செய்யும்? அரசர்களும் புரட்சியாளர்களும் அனுபவித்த அழியாமை, இப்படித்தான் எங்கள் தாத்தாவைப் போன்ற பால்மரத் தொழிலாளியின் கல்லறைக்கும் வந்து சேர்ந்தது. அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. அதையே பெரிதாக்கிச் சுட்டிருக்கிறார்கள்.

தாத்தாவின் எலும்புகளை எடுத்துப் புதிய இடத்தில் வைத்துவிட்டோம். பழைய பீங்கான் படத்தை ஓரம் உடையாமல் பெயர்த்தெடுக்கக் கொத்தனாருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. புதுக் கல்லில் அதையே பதித்தோம். பக்கத்தில் இன்னொரு முட்டை வடிவ இடம் விடச் சொன்னார் பாட்டி.

“யாருக்குப் பாட்டி?”

“எங்கம்மாவுக்குடா. அதே தோட்டத்துலதான் புதைச்சாங்க. எந்த இடம்னு இப்ப தெரியல.”

“படம் இருக்கா?”

“படம் ஏது? யாரு எடுத்தா? மொகம்கூட எனக்கு மங்கலாத்தான் நெனவிருக்கு. பேரு இருக்குல்ல. பேரைப் போடு.”

கடைக்காரர் முதலில் புரியாமல் விழித்தார். படம் இல்லாமல் பீங்கானா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு வெள்ளைப் பீங்கானில் கறுப்பு எழுத்தில் அந்தப் பெயரைத் தமிழில் மட்டும் சுட்டுக் கொடுத்தார். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தவன் நான். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்ததற்கு அன்று ஒரு பயன் கிடைத்தது.

லண்டன் வில்லையில் முகம் இருந்தது, பெயர் இல்லை. எங்கள் கல்லில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பெறாத மனிதர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நம்மில் பலரும்.

நண்பர்களே, இந்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய படங்களை எடுத்து, பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டுப் பின்னால் பென்சிலால் எழுதிவிடுங்கள். படம் இல்லாதவர்களின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். பீங்கானில் சுடுவது பிறகு இருக்கட்டும். கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.